யார் பெயருக்கு இந்தக் கோலா உருண்டை

ஜூன் 6, வியாழன்

ஆபீஸ் விட்டு வரும் வழியில் மாதுங்கா மார்க்கெட்டில் சேனைக்கிழங்கும் வாழைக்காயும் வாங்கினேன். வேக வைத்து, ஈரம் போகப் பிழிந்து, சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்துச் சேர்த்து, பொட்டுக்கடலை மாவு போட்டுப் பிசைந்தேன். உம்மா கறியைக் கொத்தித்தான் கோலா உருட்டுவாள். ஷ்யாமளா மாமி வீட்டில் அது நடக்காது. ஹாஃபிஸா என்று பெயரைக் கேட்ட பிறகும் அறை கொடுத்தவர் மாமி ஒருவர்தான். "வெங்காயம் பூண்டு இருக்கட்டும். மத்தது உள்ளே வந்தா நீ வெளியே" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தாராவிக்குத் திரும்பவும் முடியாது. அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஒற்றை அறையில் எனக்குக் கால் நீட்ட இடமில்லை.

உம்மா போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. வியாழன் மஃரிப், அந்தித் தொழுகைக்குப் பிறகு, போனவர்களுக்குப் பிடித்ததைச் செய்து வைத்துப் பாத்திஹா ஓதுவது எங்கள் வழக்கம். அடுக்களை மேடையில் தட்டை வைத்து மெல்ல ஓதினேன். முடிக்கிற நேரத்தில் மாமி தண்ணீர் எடுக்க வந்துவிட்டார். கூச்சத்தில் கடைசி வரியை விழுங்கிவிட்டேன்.

உருண்டை நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 7

காலையில் மாமி என் அறை வாசலில்.

"நேத்து என்னடீ பண்ணினே?"

"சேனைக்கிழங்கு மாமி."

"நேக்கு மூக்கு இருக்கு கொழந்தே. ஹாலெல்லாம் ஆட்டுக்கறி நாத்தம். பில்டிங்ல யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

குப்பைக் கூடையைத் திறந்து கிழங்குத் தோலைக் காட்டினேன். பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூன் 9

மாமி சொன்னது பொய்யில்லை. ஹாலில் இருக்கிறது அந்த வாசனை. அடுக்களையில் துளியும் இல்லை. ஜன்னலோரப் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில்தான் அதிகம். அது மாமியின் கணவர் ஜம்பு மாமாவின் நாற்காலி. மாலை போட்ட படம் அதற்கு நேர் மேலே.

கறி வாசனையோடு கிராம்பும். நான் கிராம்பு போடவே இல்லையே?

ஜூன் 13, வியாழன்

"என் கண்ணு முன்னாடி பண்ணு, பாக்கறேன்" என்றார் மாமி. முக்காலி போட்டு அடுக்களையிலேயே உட்கார்ந்துகொண்டார். கிழங்கு நறுக்கியது முதல் பொரித்து எடுத்தது வரை கண்ணை எடுக்கவில்லை. அவர் எதிரில் வாய்விட்டு ஓத வரவில்லை, மனதுக்குள்ளேயே ஓதினேன். ஆமீன் சொல்லிக் கையை முகத்தில் தடவியதும் ஹாலிலிருந்து வாசனை வந்தது. அடுக்களைக் கதவு சாத்தித்தான் இருந்தது.

"கிராம்பு போட்டியோ?"

"இல்ல மாமி. நீங்கதான பாத்துட்டிருந்தீங்க."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அடுக்களைக் கதவைத் திறந்து அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவர் சயான்ல ஏதோ ஹோட்டல்ல தின்னுட்டு வருவார். கிராம்பை மென்னுண்டு, சட்டையைக் கூடக் கழட்டாம அந்த நாற்காலியில உக்காந்திருப்பார், வாசனை போற வரைக்கும். நேக்குத் தெரியாதுன்னே நினைச்சுண்டு போய்ச் சேர்ந்துட்டார்."

எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தேன்.

ஜூன் 14

தங்கை ஷைஸ்தாவுக்கு போன் போட்டேன். முதலில் சிரித்தாள். "பி.காம். படிச்ச புள்ள பேசுற பேச்சா லாத்தா இது?" அப்புறம் திடீரென்று, "உம்மா பேரச் சொல்லித்தான முடிச்ச?"

சொல்லவில்லை. முதல் வாரம் மாமி வந்ததால் விழுங்கினேன். இரண்டாம் வாரம் பயத்தில் மறந்தேன்.

"போச்சு போ. பேரு சொல்லாம வச்சா, அந்த வூட்டுல யாரு இருக்காவளோ அவங்க வந்து தின்னுட்டுப் போவாங்க. உம்மா பட்டினியால்லா கெடக்கும்?"

சிரிப்பு வரவில்லை. இதையெல்லாம் நம்புகிறேனா நான்?

ஜூன் 20, வியாழன்

உம்மா பெயரைச் சொன்னேன். சத்தமாகவே. ஜெய்னம்பு.

ஹாலில் ஒன்றும் வரவில்லை. மாமி ஒவ்வோர் அறையாக நடந்தார். நாற்காலியின் பிரம்பைக் குனிந்து முகர்ந்தார். ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூன் 22

மாமி காபி கொண்டுவந்து கொடுத்தார். இதற்கு முன் கொடுத்ததே இல்லை.

"வர வியாழக்கிழமை, அன்னிக்குப் பண்ணின மாதிரியே பண்ணிடு."

"அது... உம்மாவுக்காக வைக்கறது, மாமி."

"பூனாலேர்ந்து என் பிள்ளை மாதவ் போன் பண்ணினான். வெளி மனுஷாளை எதுக்கும்மா ஆத்துல வச்சுண்டிருக்கேன்னு கேக்கறான். நான் இன்னும் பதில் சொல்லலே." டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கத்திச் சொல்லியிருந்தால் கூடப் பயந்திருக்க மாட்டேன்.

ஜூன் 27, வியாழன்

பெயர் சொல்லவில்லை.

வந்தது.

மாமி ஹாலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "ஏன்னா, இனிமே எதுக்குக் கிராம்பு? நேக்கு எல்லாம் தெரியும்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். உம்மாவிடம் என்ன சொல்வேன்? ஓர் அறைக்காக உன் தட்டை எடுத்து வேறொருவருக்கு வைத்துவிட்டேன் என்றா?

ஜூலை 1

சுனாபட்டியில் ஓர் அறை பார்க்கப் போனேன். பெயர் கேட்டார்கள். சொன்னேன். நேற்றே யாரோ எடுத்துக்கொண்டார்களாம்.

ஜூலை 4, வியாழன்

கிழங்கு இன்று அரிக்கிற வகை. கை முழுக்கத் தடிப்பு. புளித்தண்ணீரில் கழுவிவிட்டு உருட்டினேன். இரண்டு தட்டு வைத்தேன். ஓதி முடித்து இரண்டு பெயரையும் சொன்னேன். முதலில் உம்மா பெயர், பிறகு ஜம்பு மாமா பெயர். இப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

ஹாலில் வாசனை வந்தது. மாமி பேசத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. பிறகு வேறு குரலில், விருந்தாளியிடம் பேசுகிற குரலில், "அச்சச்சோ, கீழே எதுக்கு? மேலே உக்காருங்கோ. பரவாயில்லே, உக்காருங்கோ."

நாற்காலி இழுபடும் சத்தம்.

உம்மா யார் வீட்டுக்குப் போனாலும் தரையில்தான் உட்காருவாள். மாமியிடம் நான் அதைச் சொன்னதில்லை.

நான் எட்டிப் பார்க்கவில்லை. எண்ணெய் இன்னும் சூடாக இருந்தது. மீதி மாவையும் உருட்டிப் போட்டேன்.