பெயரைச் சொல்லி

ஜூன் 5, 2023
இன்றும் அடி. சோறு ஊட்டப் போனேன். தட்டைப் பிடுங்கி என் நெற்றியில் எறிந்தார். இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பாபநாசம் சாலையில் பைக் கவிழ்ந்து தலையில் அடிபட்டதிலிருந்து என் கணவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை. மூளைக் காயம் அப்படிச் செய்ய வைக்கிறது என்கிறார் டாக்டர். சரி. கல்யாணமான நாளிலிருந்து அடித்தாரே, அப்போது எந்தக் காயம்?

ஜூன் 14
தஞ்சாவூரில் இசைச் சிகிச்சை தொடங்கியாயிற்று. ஜெயபாரதி என்ற பெண் நடத்துகிறாள். முதல் நாளே கஞ்சிராவைப் பிடுங்கி அவள் விரல்மேல் ஓங்கி அடித்துவிட்டார். விரல் வீங்கிப்போனது. நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா. அடிச்ச கையையே தாளம் போட வச்சிடலாம்" என்றாள்.

ஜூலை 2
தாளம் போடுகிறார். அவள் நிறுத்துகிற இடத்தில் இவரும் நிறுத்துகிறார். பாடிக்கொண்டே படங்களைக் காட்டினால் பெயர் சொல்கிறார் — குடம், மண்வெட்டி, வாய்க்கால். கொஞ்ச நாளாகக் கை ஓங்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். இவர் இப்படியே இருந்துவிட்டால்?

ஜூலை 20
என்னைப் பார்த்து "வானதி" என்றார்! ஜெயபாரதி கைதட்டினாள்.

ஆகஸ்ட் 6
இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது.
காலையில் ஜெயபாரதி பாடும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தார்.
"வானதி. யாரக் கேட்டுடி நெலத்தக் குத்தகைக்கு வுட்ட?"
என் பெயர், நிலம், வைத்தியச் செலவுக்கு நான் விட்ட குத்தகை — ஒன்றுகூடத் தவறவில்லை. முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் இடித்தார். என் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். நிதானமாகச் சாத்தினார். இத்தனை நாள் யாரென்று தெரியாமல் அடித்தார். இன்று தெரிந்தே அடித்தார். அந்தக் கண்ணு எனக்குத் தெரியாதா?
கொழுந்தன் மதிவாணன் ஓடிவந்து அவரை இழுத்துப் பிடித்தார். "அண்ணன் பழையபடி ஆயிட்டாரு அண்ணி" என்றார்.
ஆமா. ஆயிட்டாரு.

ஆகஸ்ட் 7
போலீஸில் எழுதிக் கொடுத்தேன். நாகப்பட்டினம் பஸ் ஏறி ராஜாத்தி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 3
ஜெயபாரதி போன் செய்தாள். சிகிச்சையை நிறுத்திவிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். வேண்டாம், நடக்கட்டும், மதிவாணன் கூட்டிவருவார் என்றேன். என் கணவர் ஒவ்வொரு வகுப்பிலும் என்னைக் கேட்கிறாராம்.
"என்ன சொல்லட்டும்க்கா?"
"நான் வரமாட்டேன்னு சொல்லுங்க. ஒரு தடவ சொன்னாப் போதும். இப்பதான் எதையும் மறக்கறதில்லையே."