யப்பானிய அரண்மனைப் பெண்ணின் நாட்குறிப்பும் என் படமும்

அனுப்புநர்:
திருமதி யூஜினி செல்வரட்ணம்,
மில்லிக்கன், ஸ்காபரோ.

பெறுநர்:
திரு. றெமிஜியஸ் அவர்கள்,
முகாமையாளர்,
வைற்பைன் சமூக நிலையம், அஜின்கோர்ட்.

விடயம்: என் சம்மதமின்றி ஒட்டிய சுவரொட்டியை அகற்றக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் நிலையத்து வாசகர் வட்டத்தில் நான் பேச ஒப்புக்கொண்டது, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் யப்பானிய அரண்மனையில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் நாட்குறிப்பைப் பற்றி. பதின்ம வயதில் முன்னாள் பேரரசருக்குக் கொடுக்கப்பட்டவள். அவர் அறியாமல் வேறொருவருக்குப் பெற்ற பெண் குழந்தையை ஒருதரம் பார்த்ததோடு பிறர் கையில் கொடுத்துவிட்டாள். பின்னர் அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்டு, துறவியாகி ஊர் ஊராக நடந்தாள். எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து எழுதினாள். எழுது என்று அவளிடம் எவரும் கேட்கவில்லை.

2. என்னிடமோ, இந்நாட்டுக்கு வந்த நாள் முதல் கதை கேட்காதவர் இல்லை. அகதி விசாரணையில் சொன்னேன். சட்டத்தரணிக்குச் சொன்னேன், வைத்தியருக்குச் சொன்னேன். களைத்துவிட்டேன், ஐயா. ஒருதரமாவது வேறொருத்தியின் கதையைச் சொல்ல ஆசைப்பட்டேன்.

3. ஏன் இந்தப் புத்தகம் என்று தங்கள் நிகழ்ச்சி அலுவலர் ஸ்டெபனி கேட்டார். அன்பாகக் கேட்டபடியால், யுத்தகாலத்தில் மாதா கோயிலில் தஞ்சமிருந்தபோது பிறந்த என் முதற் குழந்தை காய்ச்சலில் போனதைச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "அன்ரி, யப்பான்காரியை விடுங்கோ. உங்கட ஸ்டோரியைச் சொன்னால் ஹோல் நிரம்பும்" என்றார். நான் ஓம் சொல்லவில்லை.

4. நேற்று தங்கள் நிலையத்து நீச்சல் தடாக வாசலில் என் படம். கீழே, ‘போரில் குழந்தையைப் பறிகொடுத்த தாய் பேசுகிறார்’ என்று பெரிய எழுத்து. அந்த யப்பானியப் பெண்மணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கழற்றச் சொன்னேன். முகாமையாளரின் அனுமதி வேண்டும், எழுத்தில் தாருங்கள் என்றார்கள். ஸ்டெபனி கெட்ட பிள்ளை அல்ல. அவர்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

5. என் மகள் றெபேக்கா விட்பியில் வசிக்கிறாள். சனிக்கிழமைகளில் என்னைப் பார்க்க வரும்போது, தன் மகனைத் தங்கள் தடாகத்துக்கு நீச்சல் பழகக் கூட்டிவருவாள். தானே என் மூத்த பிள்ளை என்று நினைத்திருக்கிறாள். தனக்கு ஓர் அக்கா இருந்தது அவளுக்குத் தெரியாது. எத்தனையோ தரம் சொல்ல வெளிக்கிட்டேன், வாய் வரவில்லை.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் அச்சுவரொட்டியை அகற்றித் தருமாறு தயவாய்க் கேட்கிறேன். கூட்டம் நடக்காமல் போனாலும் பரவாயில்லை. சனிக்கிழமை காலை முதலில் வீட்டுக்கு வரும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் சொல்வழி கேட்பவள் அல்ல, நேரே தடாகத்துக்குப் போனாலும் போவாள். நான் என் வாயால் சொல்லுமுன் அவள் அதை உங்கள் சுவரில் வாசிக்கக் கூடாது, ஐயா.

இடம்: மில்லிக்கன்
திகதி: 12.11.2025

தங்கள் உதவியை நம்பியிருக்கும்,
யூஜினி செல்வரட்ணம்
(ஒப்பம்)