பிரான்காச்சோவுக்கு மேலே

ஞாயிறு, இரவு

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. நான் வீட்டுவேலை செய்யும் இடத்து இத்தாலியச் சீமாட்டி, சிஞ்ஞோரா, தன் பழைய இராணுவப் பயிற்சி விமானத்தில் இன்று என்னை ஏற்றினார். எண்ணெய், சக்கரம், இறக்கை எல்லாவற்றையும் இரண்டு தரம் தொட்டுப் பார்த்த பிறகுதான் கிளப்பினார். நாங்கள் குடியிருக்கும் பிரான்காச்சோவுக்கு மேலே வந்ததும் எங்கள் மொட்டைமாடியைத் தேடினேன். அங்கே நின்று சிவப்புப் போர்வையை ஆட்டும்படி என் கணவரிடம் சொல்லியிருந்தேன். சிவப்பாக எதுவும் அசையவில்லை. இன்னும் தாழப் போகலாமா என்று கேட்டேன். வீடுகளுக்கு மேலே கூடாது என்றுவிட்டார் சிஞ்ஞோரா.

வீட்டுக்கு வந்து, "எங்கையப்பா போனீங்கள்?" என்றேன்.

"சத்தம் கேட்டதும் கட்டிலுக்குக் கீழை பூந்திட்டன்," என்றார்.

போர்க்காலத்தில் ஊரில் எங்கள் மேல் குண்டு போட்டதும் இதே மாதிரி இரையும் விமானம்தான். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "அடுத்த முறை என்னையும் ஏத்துவாவோ? உள்ளுக்கை இருந்தால் பயமில்லைத்தானே."