ஆறு அங்குலமும் கருவாடும்

ஓகஸ்ட் 9, சனி இரவு

இவருக்குக் கரடிப் பைத்தியம் பிடித்துவிட்டது. நாளை அலாஸ்காவில் இருக்கும் தன் தம்பியிடம் போகிறார். காட்டில் கூடாரம் அடித்து மீன் பிடிக்கப் போகிறார்களாம். கரடிக்காகத் தம்பி ஒரு ரிவோல்வர் வாங்கப் போகிறான். அதன் குழல் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பதுதான் இன்று முழுக்கத் தொலைபேசியில் வழக்கு.

"நீளக் குழல் எண்டால்தான் குறி தப்பாது. ஆறு அங்குலம் எடு" என்றார் இவர்.

"கரடி பாய்ஞ்சு வரேக்கை அதை உருவி எடுக்கேலாது அண்ணை. நாலு காணும்" என்றான் அவன்.

உடனே இவர் என் தையல் நாடாவை எடுத்து இடுப்பில் வைத்து அளந்தார். போன மாதம் இங்கே ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தில் ஒருவன் முறைத்துப் பார்த்ததற்கே கைத்தொலைபேசியைத் தானாக எடுத்து நீட்டிய வீரர்!

அளந்து முடித்துவிட்டு, "இஞ்சை பாரும், அந்தக் கருவாட்டைப் பொரிச்சுக் கட்டும். கூடாரத்துக்கை வைச்சுச் சாப்பிடலாம்" என்றார்.

நான் கருவாடு பொரித்தால் இந்தக் கட்டடமே மூக்கைப் பொத்தும். மேல்மாடிக்காரி இறங்கிவந்து கதவைத் தட்டுவாள்.

"கரடிக்கு மூக்கில்லையோ?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே ரிவோல்வர்" என்றார்.

பொரித்துக் கட்டிப் பெட்டியில் வைத்தேன். இப்போது குறட்டை விடுகிறார், நாடா இன்னும் இடுப்பில். பொட்டலத்தை எடுத்து ஒளித்துவிட்டு அந்த இடத்தில் பிஸ்கட் வைத்திருக்கிறேன். என்ன இருந்தாலும் மனிதர் முழுசாகத் திரும்பி வரவேண்டும். கரடி வந்தால் பிஸ்கட்டை நீட்டட்டும். நீட்டித்தான் பழக்கமாயிற்றே.