பன்றி சுட்ட நாளில் போட்ட கையெழுத்து

க்ளீவ்லாந்து
நவம்பர் 9, ஞாயிறு

அன்புத் தம்பி எட்கார்டோவுக்கு, அக்கா மிக்டாலியா எழுதிக்கொள்வது.

எங்களிடம் சொல்லாமல் நம் தீவுக்குத் திரும்பிப்போய்ப் பொன்ஸேயில் நீ சுகமாகத்தான் இருப்பாய். கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, கேள்வி கேட்க ஆள் இல்லை. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உனக்குப் பதினோரு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. காகிதத்தை யாரும் அணைத்து வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மச்சான் எரிபெர்ட்டோவுக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. டயர் கடைக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு போகிறார். என்னைப் பள்ளிக்கூடச் சமையலறையில் காலை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். உன் ஞானமகள் லிஸ்மாரிக்கு முடி தோள்வரை வந்துவிட்டது. பிறந்தநாளில் சொன்ன சில சொற்களை இப்போது சொல்வதில்லை. அதற்கும் ரத்தத்தில் இருக்கும் காரீய விஷத்துக்கும் இப்போதே முடிச்சுப் போட முடியாது என்கிறார் டாக்டர். ஒன்றை மட்டும் அவள் மறக்கவில்லை. டிவி ரிமோட், சோப்பு டப்பா, எது கிடைத்தாலும் காதில் வைத்துக்கொண்டு "ஆசீர்வாதம், ஞானப்பா" என்கிறாள். தினமும் போனில் நீ பழக்கியதுதானே. "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் கண்ணு" என்று பதில் வரும்வரை அசையாமல் நிற்பாள். நீ இல்லாததால் நான்தான் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு சொல்லிவந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் இருபதாம் தேதி அவளுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஜன்னல்களை மாற்றுவதற்கு முன்னால் காரீயம் ஒன்பது இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? குறைந்திருக்கும் என்று சிரித்துக்கொண்டே போனேன். பதினெட்டு என்றார்கள். நான் மாநகராட்சி நர்ஸ் பெவர்லியோடு சண்டைக்கே போய்விட்டேன். "எங்க வீட்டுல எல்லாம் சரி பண்ணியாச்சு. என் கூடப்பொறந்தவனே வந்து சோதிச்சிருக்கான். உங்க மிஷின்தான் கோளாறு!" என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கோபப்படவில்லை. "அந்தச் சான்றிதழ கொஞ்சம் எடுத்துட்டு வாங்கம்மா, பாப்போம்" என்றாள்.

காரீயப் பெயின்ட் அடித்த பழைய ஜன்னல்களை இலவசமாக மாற்றித் தரும் அந்தத் திட்டத்தைப் பற்றி என்னிடம் சொன்னதே நீதான். எங்கள் வீடு 1912இல் கட்டியது. ஜன்னலைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் பழைய பெயின்ட் உரசி மாவு மாதிரி விழும். குழந்தை அந்த விளிம்பைக் கடித்துக்கொண்டே தெருநாயை வேடிக்கை பார்ப்பாள். "அக்கா, இது அரசாங்கப் பணம். நம்ம வரியில வந்தது. வெக்கப்படாம எழுதிப் போடு" என்றாய். போட்டேன். பதினான்கு மாதம் வரிசையில் காத்திருந்தோம். அதற்குள் நான் உனக்கு விளம்பரப் பலகையே ஆகிவிட்டேன். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களை நிறுத்தி வைத்து, "வேல செய்யிறது எவனா வேணா இருக்கட்டும், கடைசில தூசியத் துடைச்சுப் பாக்குறது என் தம்பி" என்று சொன்னேன். எதிர்வீட்டு ஐவெட் என் பேச்சை நம்பித்தான் திட்டத்தில் சேரக் கையெழுத்துப் போட்டாள்.

உன் வேலை என்ன? ஜன்னல் விளிம்பையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து, துணியைக் குப்பியில் போட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே சரி என்று சொன்னால்தான் குடும்பம் உள்ளே போகலாம். இவ்வளவுதான். அதற்காகத்தான் நாங்கள் பத்து நாள் நம் பெரியம்மா மகள் நெரெய்தா வீட்டு நிலவறையில் கிடந்தோம்.

சான்றிதழைப் பத்திரமாக மூன்று ராஜாக்கள் சிலைக்கு அடியில் வைத்திருந்தேன். அன்றுதான் முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். 'குழந்தையின் படுக்கையறை, ஜன்னல் விளிம்பு. மாதிரி எடுத்தது செப்டம்பர் 13, காலை 10.30. பாதுகாப்பானது.' கீழே உன் கையெழுத்து, வால் நீட்டிய அதே எழுத்து.

செப்டம்பர் 13 என்றைக்கு, எட்கார்டோ? லிஸ்மாரியின் பிறந்தநாள். நெரெய்தா வீட்டுக் கொல்லையில் பன்றி சுட்ட நாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கரியைப் பற்றவைத்தவன் நீ. கம்பியைச் சுற்ற ஆரம்பித்தவன் மத்தியானம் மூன்று மணிவரை இடத்தை விட்டு எழவில்லை. "நான் சுத்துனாத்தான் தோல் மொறுமொறுன்னு வரும், எவனும் கைய வைக்காதீங்க" என்று பீற்றிக்கொண்டாய். எரிபெர்ட்டோ, "ஒண்ணுக்குப் போகவாச்சும் எந்திரி மச்சான்" என்றதற்கு, "பன்னி கருகிடும், நீ போய் சோத்தப் பாரு" என்றாய். நாற்பது பேர் சிரித்தோம். லிஸ்மாரி உன் மடியில் உட்கார்ந்து உன்னோடு சேர்ந்து கம்பியைச் சுற்றுகிற போட்டோ என் போனில் இருக்கிறது. எடுத்த நேரம் 10.42.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நீ ஒரு முழுப் பன்றியையே மறைக்கப் பார்த்திருக்கிறாய்.

எரிபெர்ட்டோ போன் செய்தபோது மட்டும் ஒரு தடவை எடுத்தாய். அவரிடம் நீ சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் என்னிடம் சொன்னார். "மொதலாளி ஒரு நாளைக்கு அஞ்சு வீடு கேக்குறாரு மச்சான். ஒரு வீடு தோத்துச்சுன்னா திரும்பக் கழுவணும், எல்லாருக்கும் வேல நிக்கும். புது ஜன்னல்தானே, என்ன ஆகிடப்போவுது? என் வீட்டு அடுப்படி ஜன்னலத் துடைச்சு அனுப்பிட்டேன்." அதோடு வைத்துவிட்டாய்.

என்ன ஆகிவிட்டது என்று சொல்கிறேன், கேள். ஜன்னல் புதியதுதான். ஆனால் உன் முதலாளியின் ஆட்கள் பழைய சட்டத்தைத் தண்ணீர் தெளிக்காமல், பிளாஸ்டிக் விரிக்காமல் சுரண்டியிருக்கிறார்கள். விழுந்ததைத் துடைப்பத்தால் பெருக்கியிருக்கிறார்கள். தூசி முழுக்கத் தரைப்பலகை இடுக்குகளில் இறங்கிவிட்டது. அந்தத் தரையில்தான் ஐந்து வாரம் உன் ஞானமகள் கட்டை அடுக்கி விளையாடினாள். ஒவ்வொரு கட்டையையும் வாயில் வைப்பாள் என்று உனக்குத் தெரியும். அந்தக் கட்டைகளே பிறந்தநாளுக்கு நீ வாங்கிக் கொடுத்ததுதான்.

வேறு எவனோ செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு இவளுக்கு நான் பொறுப்பு என்று சொன்னவன் நீ. பத்து நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பிய அன்று நானே உனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். "எல்லாம் சுத்தமா இருக்காடா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்குக்கா" என்றாய். இன்னும் ஒரு துண்டு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அந்த ரொட்டி எப்படி உன் தொண்டைக்குள் இறங்கியது?

நாங்கள் மறுபடி நிலவறையில்தான் இருக்கிறோம். எங்கள் வீட்டை மாநகராட்சி திரும்பச் சுத்தம் செய்யப்போகிறது. போட்டோவை வெள்ளிக்கிழமை அவர்களிடம் கொடுத்துவிட்டேன். நெரெய்தா, "கூடப்பொறந்தவனையே காட்டிக்கொடுக்குறியேடி" என்றாள். முதலில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். இப்போது ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு அடுப்பில் சமைக்கிறோம்.

திட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நீ முப்பத்தொரு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாயாம். எல்லாவற்றையும் திரும்பச் சோதிப்பார்கள், ஆனால் ஆள் குறைவு, வசந்தம் வந்துவிடும் என்கிறாள் பெவர்லி. சில வீடுகளில் நீ உண்மையாகவே துடைத்திருப்பாய். எவை என்று இந்த உலகத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை ஐவெட் வந்தாள், அவள் வீட்டுச் சான்றிதழிலும் உன் கையெழுத்துதான். அவள் பையனுக்குப் பத்து மாதம், தவழ ஆரம்பித்துவிட்டான். "தரையில விடலாமா வேணாமா மிக்டா? நீ சொல்லு, நீ சொன்னா விடுறேன்" என்றாள். இவ்வளவுக்குப் பிறகும் என்னிடம்தான் கேட்கிறாள்! இப்போதைக்கு இறக்கிவிடாதே, அவன் ரத்தத்தையும் சோதித்துவிடு என்றேன். செவ்வாய்க்கிழமைக்குத்தான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். கனமான பிள்ளை. இடுப்பு மாற்றி இடுப்பு மாற்றித் தூக்கிக்கொண்டு அடுப்பு வேலை பார்க்கிறாள். வேலைக்குப் போகும் வழியில் அவள் வீட்டு ஜன்னலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் போகிறேன். போன வருஷம் அவளிடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

இந்த உறையில் ஒரு கோடு போட்ட காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுவரை எண் போட்டிருக்கிறேன். நீ துடைக்காத வீடுகளின் விலாசத்தை எழுது. ஸ்டாம்ப் ஒட்டி, பெவர்லியின் முகவரி எழுதிய உறையும் கூடவே இருக்கிறது. நீ தபால் பெட்டிவரை நடந்தால் போதும். கேஸ் வருமோ, வேலை போகுமோ என்று பயப்படாதே என்று நான் சொல்லமாட்டேன். வரும், போகும். அதற்குப் பிறகும் நீ என் தம்பிதான்.

கடிதத்தை எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பேன், அக்காவின் ஆசீர்வாதத்தோடு. இன்று எழுத வரவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே லிஸ்மாரி சோப்பு டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டு உன்னைக் கேட்டுவிட்டாள். இந்தத் தடவை நான் உன் குரலில் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்கு நீயே பதில் சொல். அந்தக் காகிதத்தை நிரப்பி அனுப்பு, அதுவே போதும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அக்கா
மிக்டாலியா

பி.கு.: ஐவெட் வீட்டில் குழந்தையின் அறைச்சுவர் என்ன நிறம்? உள்ளே போயிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். இன்று காலைப் பூசையில் முழங்காலில் நின்று ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டேன், அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று.