தாழ்ப்பாள் உள்ள வீட்டுக்கு ஒரு டோக்கன்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் வழக்கம்போல் என் மகன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, என் கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் ஓடத் தொடங்கினான். டிரெட்மில் வைக்க இந்த வீட்டில் வேறு இடம் இல்லை. எனக்கும் வேறு இடம் இல்லை. ஆகவே நானும் இயந்திரமும் ஓர் அறையில் குடியிருக்கிறோம். உள்தாழ்ப்பாளைச் சென்ற ஆண்டு அவனே கழற்றிவிட்டான். நான் வழுக்கியது குளியலறையில், தண்டனை அறைக்கதவுக்கு. கேட்டால் பாதுகாப்பு என்பான். யாருக்கு, எதிலிருந்து என்று கேட்டால் ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டுவான்.

"லைப்ரரிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுத் தரகர் அலுவலகத்துக்குப் போனேன். சென்ற வாரம் அவர் காட்டிய வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கட்டியாயிற்று. இரண்டாம் மாடி, ஒருவர் நின்றால் நிறைந்துவிடும் சமையலறை, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த ஜன்னல். படுக்கையறைக் கதவில் கனமான பித்தளைத் தாழ்ப்பாள். அதைப் போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். தரகர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

அவர் எதைக் கேட்டாலும் "கண்டிப்பா மேடம்" என்கிறார். குழாய் பழுது பார்ப்பீர்களா? கண்டிப்பா. இந்த வாரமே உறுதியாகுமா? கண்டிப்பா. அவர் பெயரை மறந்தாலும் குறையில்லை. "கண்டிப்பா" என்றே வைத்துக்கொள்கிறேன்.

கட்டிய பணம், பழைய கல்லூரிக்கு வினாத்தாள் தயாரித்துக் கொடுத்ததற்குக் கையில் கிடைத்தது. ஓய்வூதியம் விழும் வங்கிக் கணக்கு மகனுக்கும் எனக்கும் பொதுவானது. நான் ஊசி வாங்கினாலும் அவன் கைபேசி மணியடிக்கும். அவனைக் கேட்காமல் நான் செலவழிக்கக்கூடிய ஒரே தொகை இதுதான். அது இப்போது கண்டிப்பாவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மகனிடம் இன்னும் சொல்லவில்லை. திட்டத்தைச் சொன்னால் விவாதம் நடக்கும். சாவியைக் காட்டினால் அது செய்தி.

மார்ச் 5, வியாழன்

அழைப்பு இல்லை. புத்தக அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினேன். "என்ன அத்தை தேடறீங்க?" என்றாள் மருமகள். தேடினால்தான் நகர்த்த வேண்டுமா?

மார்ச் 9, திங்கள்

கண்டிப்பா அழைத்தார். வீடு கிடையாதாம்.

"விசாரிச்சதுல சரியா வரலம்மா. ஓனர் வேண்டாம்னுட்டார்."

"சரி. டோக்கனை எப்ப வந்து வாங்கிக்கலாம்?"

"அது வராதும்மா. தடங்கல் உங்க பக்கம்தானே."

என் பக்கமா? என்ன தடங்கல்? கேட்பதற்குள் வைத்துவிட்டார். பணம் கட்டிய அன்று மேடம், இன்று அம்மா. இந்த வேகத்தில் போனால் வாரக் கடைசியில் நான் யார்?

மாலை முழுவதும் கூடத்துக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். "கால் வலிக்கப் போகுது, உட்காரும்மா" என்றான் மகன். ஓடுவதற்குத் தன் இயந்திரத்தை என் அறையில் வைத்திருப்பவன் நான் நடப்பதைக் குறை சொல்கிறான்.

மார்ச் 10, செவ்வாய்

மீண்டும் "லைப்ரரி". தரகர் அலுவலகத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி, தண்ணீர் தீர்ந்த கேன், நான்கு நாற்காலிகள். அவர் கைபேசியை விட்டுத் தலை தூக்கவில்லை.

"சொன்னேனே பாட்டி. வராது."

வாரக் கடைசி வரை காத்திருக்கவில்லை. ஒரே இரவில் பாட்டி ஆகிவிட்டேன்.

"விசாரிப்புல என்ன சரியா வரல?"

"அதெல்லாம் ரகசியம் பாட்டி. சொல்லக் கூடாது."

"என்னைப் பத்தின ரகசியம், எனக்கு மட்டும் தெரியக் கூடாது. அப்படித்தானே?"

"கண்டிப்பா" என்றார், பழக்க தோஷத்தில்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். வீடு பார்க்க வந்த ஒருவர் "இங்க எப்படிம்மா, நம்பிக் கட்டலாமா?" என்று கேட்டார். "நான் கட்டினதைத்தான் திருப்பிக் கேட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றேன். உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் ஏதோ அவசரம் நினைவுக்கு வந்தவரைப் போல் எழுந்து போனார்.

மார்ச் 12, வியாழன்

இன்றும் போய் உட்கார்ந்தேன். கண்டிப்பா வெளியே போயிருந்தார். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். நகத்தைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறாள். என்னை இரண்டு முறை பார்த்தாள். மூன்றாம் முறை எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? இப்ப இருக்கற வீட்டு ஓனருக்கும் உங்களுக்கும் ஏதாவது சண்டையாம்மா?"

"ஏன்?"

"அவருக்குத்தான் நாங்க போன் பண்ணினோம். எல்லாருக்கும் பண்றதுதான். வாடகை ஒழுங்கா தராங்களா, ஆள் எப்படின்னு கேட்போம். அவர் சொல்றார், அந்தம்மாவுக்கு ஞாபகம் தப்புது, அடுப்பை அணைக்காம போயிடுவாங்க, தனியா விடவே கூடாதுன்னு. இவ்வளவு தெளிவா பேசறீங்க. ரொம்ப மோசமான ஆளா இருக்காரேம்மா உங்க ஓனர்."

"ஆமாம். வளர்ப்பு சரியில்ல" என்றேன்.

தரகரிடம் நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தில் "தற்போதைய வீட்டு உரிமையாளர்" என்று ஒரு கட்டம் இருந்தது. வீடு மகன் பெயரில் இருக்கிறது. மாதாமாதம் என் ஓய்வூதியத்தில் பாதியை வீட்டுச் செலவுக்கென்று எடுத்துக்கொள்கிறான். கேட்ட கேள்விக்குச் சரியான விடை அவன்தான். அவன் எண்ணையே எழுதினேன். வாழ்நாளெல்லாம் தர்க்கவியல் சொல்லிக் கொடுத்தவள் வேறு எப்படி எழுதுவாள்? ஒரு தோழியின் எண்ணை எழுதியிருந்தால் இந்நேரம் பித்தளைத் தாழ்ப்பாளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். விடை சரி. பரீட்சையில்தான் தோல்வி.

அடுப்பை அணைக்காமல் போனேனாம். எப்போடா போனேன்? ஒரு தடவை சொல்லு. ஒரே ஒரு தடவை.

மார்ச் 13, வெள்ளி

அவன் ஓடத் தொடங்கும் வரை காத்திருந்தேன். ஓடும் இயந்திரத்தில் இருப்பவன் சட்டென்று இறங்கிப் போக முடியாது.

"உனக்கு ஒரு குடித்தனக்காரி இருக்காளாமே. ஞாபகம் தப்பினவளாம்."

அவன் கால் ஒரு கணம் தடுமாறியது. வேகத்தைக் குறைக்காமல் பேசினான்; மூச்சு வாங்கியது.

"எவனோ ஒருத்தன் போன் பண்ணி உங்க குடித்தனக்காரங்களைப் பத்திச் சொல்லுங்கன்னான். ராங் நம்பர்னேன். அப்புறம் உன் பேரைச் சொல்றான். நான் என்னம்மா பண்ணுவேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"அதனால பொய் சொன்னே."

"பொய் இல்ல. விழுந்தியா இல்லையா?"

"வழுக்கினது கால். தப்பினதுன்னு நீ சொன்னது மூளை. ரெண்டும் வேற வேற இடத்துல இருக்கு."

"சரி, விடு. எவ்வளவு போச்சுன்னு சொல்லு, நான் தர்றேன். இதோட முடிச்சுக்கலாம்."

அதுதான். பணத்தை அவன் கொடுத்துவிட்டால் வீட்டுப் பேச்சும் அதோடு முடிந்துவிடும். வாங்கியவள் வாயை மூடிக்கொண்டு இந்த இயந்திரத்தோடு காலம் தள்ள வேண்டும். மின்செருகியைப் பிடுங்கினேன். பட்டை நின்றது, அவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வாசலில் நின்ற மருமகள், "நல்லா மாட்டினீங்க" என்றாள். அவனிடம்தான் சொன்னாள்.

மார்ச் 16, திங்கள்

மறுபடி தரகர் அலுவலகம். குரல் நடுங்கவில்லை. பெரிய வகுப்புகளில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிய குரல் அது, இன்னும் அப்படியே இருக்கிறது. வரவேற்பில் ஓர் இளம் தம்பதி டோக்கன் கட்டக் காத்திருந்தார்கள். கண்டிப்பா அவர்களுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க பாட்டி, அப்புறம் பேசலாம்."

"நான் உங்க பாட்டி இல்ல. ஒரே ஒரு கேள்வி. எனக்கு ஞாபகம் தப்புதுன்னு நீங்க நம்பறீங்களா?"

அவர் வரவேற்புப் பெண்ணை முறைத்தார். அவள் அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கியதுபோல் குனிந்துகொண்டாள்.

"நான் நம்பறது என்னங்க, உங்க ஓனரே சொல்றாரே."

"நம்பறீங்க. அப்போ சுயநினைவு சரியில்லாத ஒரு பொம்பளைகிட்ட கையெழுத்தும் வாங்கி, பணமும் வாங்கி வச்சிருக்கீங்க. இதை வெளியில என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லங்க. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க."

"நல்லா இருக்கேனா? அப்போ மறுக்கக் காரணமே இல்லாம மறுத்தது நீங்க. நான் பின்வாங்கல. என் பணத்துக்கு உங்க இழுப்பறையில என்ன வேலை? எப்படி வேணும்னாலும் சொல்லுங்க. ரெண்டுக்கும் பணம் என்கிட்டதான் வரணும்."

சிறிது நேரம் பேனாவைத் தட்டினார். பிறகு முகம் மலர்ந்தது. பாவம், ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார்.

"ஆனா அந்த மறதியை நீங்க எங்ககிட்ட மறைச்சீங்க. அது தப்புதானே?"

"மறதிக்காரி மறைக்கணும்னா, மறைக்கணும்கறது அவளுக்கு ஞாபகம் இருக்கணுமே."

தம்பதியில் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் கணவன் எண்ணிக்கொண்டிருந்த பணத்தை மெதுவாகச் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்தான். கண்டிப்பா அதைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வாங்க மேடம்" என்றார். மறுபடி மேடம்.

வெற்றி நடை போட்டு வீட்டுக்கு வந்தேன். கைப்பையைத் திறந்தால் மூக்குக் கண்ணாடியைக் காணோம். அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதை வைத்து அவர் என்னவெல்லாம் சொல்லலாம்! நானே என்ன சொல்வேன்? எல்லாரும்தான் மறக்கிறார்கள். ஆனால் எல்லாரும் மறக்கலாம். நான் மறக்கக் கூடாது. இது எந்தப் புத்தகத்து நியாயம் என்று தெரியவில்லை, ஆனால் நடைமுறையில் இருப்பது அதுதான். அவன் சொன்னதில் துளியாவது… இல்லை. கண்ணாடி வேறு, அடுப்பு வேறு. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. இரண்டாவது முறையும் போய்ப் பார்த்தேன். சீ.

மார்ச் 17, செவ்வாய்

அலுவலகம் திறக்கும்முன் போய் நின்றேன். வரவேற்புப் பெண் பூட்டைத் திறந்துகொண்டே தன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். "அவர் பாக்கறதுக்குள்ள எடுத்து வச்சுட்டேன். நான் தொலைச்சுத் தொலைச்சு மாசத்துக்கு ரெண்டு கண்ணாடி வாங்கறேம்மா."

நன்றி சொன்னேன். அப்போதுதான் ஒன்றை உணர்ந்தேன்: அவளும் அடுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவள், ஆனாலும் கண்ணாடியைக் கண்ணாடியாக மட்டும் பார்த்தாள்.

மார்ச் 20, வெள்ளி

முழுத் தொகையும் வந்தது. "விசாரிப்புச் செலவு" என்று கொஞ்சம் பிடித்துக்கொள்ள முயன்றார். நான் நாற்காலியை நோக்கி ஓர் அடி வைத்ததும் அதையும் கொடுத்துவிட்டார். "மேடம், ஒரு ரிக்வெஸ்ட். இனிமே இங்க வந்து உட்காராதீங்க."

"கண்டிப்பா" என்றேன்.

என் மகன் சென்ற வெள்ளிக்குப் பின் ஓட வரவில்லை. காலையில் அறை அமைதியாக இருக்கிறது. எனக்கு ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. இயந்திரத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன்.

மார்ச் 25, புதன்

தரகர் இல்லாமல் நானே ஒரு வீடு கண்டுபிடித்தேன். மருந்துக் கடைக்கு மேல். உரிமையாளர் கீழே, கடைக்குப் பின்னால் இருக்கிறார். ஓய்வு பெற்ற நர்ஸ். சமையலறை இன்னும் சிறியது, ஜன்னலுக்கு எதிரே சுவர்தான். தாழ்ப்பாள் இரும்பு, துருவும் இருக்கிறது. போடும்போது ஊருக்கே கேட்கும். இருக்கட்டும். டோக்கன் கட்டினேன். அவரும் கேட்டார்: "இப்ப இருக்கற வீட்டு ஓனர் நம்பர்?"

பேனா நின்றது. தோழியின் எண் எனக்கு மனப்பாடம். மகனின் எண்ணையே எழுதினேன்.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன்: "உன்னை ஒருத்தங்க கூப்பிடுவாங்க. உனக்குப் பிடிச்சதைச் சொல்லாதே. கேட்டதுக்குப் பதில் சொல்லு." அவன் நிமிரவில்லை. மருமகள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள், அதற்கு மேல் பேசாதே என்பதுபோல். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் கைபேசி அடித்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் குழாயை மூடினேன்.

"ஆமாங்க, நான்தான்… ஓனர்தான்." தொண்டையைக் கனைத்தான். "ஆறு வருஷமா இருக்காங்க… பணமா? தேதி தவறினதே இல்ல… தனியா நல்லா சமாளிப்பாங்க… ஞாபகமா?"

நான் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். அதில் தண்ணீரே இல்லை.

"நான் சின்ன வயசுல சொன்ன பொய்யெல்லாம் தேதியோட சொல்வாங்கங்க. அதுதான் இங்க பிரச்சனையே."

வைத்துவிட்டு எழுந்து போனான். படியருகே திரும்பி, "கீழ இருக்கறவங்க நர்ஸாமே" என்றான்.

"ஆமாம்."

"சரி."

அவ்வளவுதான் பேசினோம். பல ஆண்டுகளில் நாங்கள் நடத்திய பேச்சுகளில் தர்க்கப் பிழை இல்லாதது இது ஒன்றுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

குடி வந்து மூன்றாவது நாள். அலமாரியை நான்கு இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டேன். கீழேயிருந்து நர்ஸ் கேட்டார்: "என்ன டீச்சர், மேல ரயில் ஓடுதா?" குழாய் சொட்டுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும். நானேதான் கூப்பிட வேண்டும்.

மருமகள் பேசினாள். "உங்க ரூம் முழுசா அவருக்குத்தான் அத்தை இப்ப. ஆனா மிஷின் பக்கமே போக மாட்டேங்கறார்." எடை போட்டுவிடுவான், கவனி என்றேன்.

மணி அடிக்கிறது. அவனாகத்தான் இருக்கும், என் பெரிய அகராதியைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தான். தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். கதவைத் தள்ளிப் பார்க்கும் சத்தம் இல்லை. "அம்மா, நான்தான்" என்ற அதட்டலும் இல்லை. கனமான புத்தகத்தோடு வெளியே நிற்கிறான். இதோ, இன்னொரு முறை அடிக்கிறான், சற்று மெதுவாக.

இந்த வரியை முடித்துவிட்டுப் போய்த் திறக்கிறேன்.