பதினாறு அடி

எர்ணாவூர்
4.6.2003

என் தங்கம் ஷாலுவுக்கு,

ஆயா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். லாரிகள் கிளப்புகிற தூசியில் துணிதான் வெளுக்க மாட்டேன் என்கிறது. உன் ஹாஸ்டலுக்குப் போன் போட்டால் யாரோ எடுத்து இங்கிலீஷில் பேசுகிறார்கள். நமக்குக் கடிதமே லாயக்கு.

உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். நான் தலைவியாக இருக்கிற மாதர் சங்கத்துத் தையல் கூடத்துக்குக் கூரை மாற்றப்போகிறோம். பழைய கூரை முழுக்கப் பொத்தல். தண்டையார்பேட்டை வெல்டிங் பட்டறை அப்துல் வஹாப் இரும்புச் சட்டம் அடித்துத் தகரம் போடுகிறார். "படம் இன்னாத்துக்கு ஆயா, நானே வந்து அளந்துக்கறேன்" என்றார். நான் விடவில்லை. "என் பேத்தி பெங்களூர்ல குந்திகினு அமெரிக்காக்காரன் வூட்டுக்கே கூரை போடுது, நமக்குப் போடாதா?" என்று கூட்டத்தில் வைத்தே கேட்டுவிட்டேன். செயலாளர் பிலோமி முகத்தை நீ பார்த்திருக்கணும்.

கட்டடம் 'ட' எழுத்து மாதிரி. முன்கூடம் நீளம் முப்பது அடி, அகலம் இருபது. இது சங்கத்துப் பத்திரத்திலேயே இருக்கிறது. பின்பக்கம் அப்புறம் சேர்த்துக் கட்டியது. அதை நானே அளந்தேன். நீளம் இருபத்துநான்கு அடி, அகலம் பதினாறு அடி. படத்தைச் சீக்கிரம் அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் ஆயா
பூவம்மா


பெங்களூர்
15.6.2003

அன்பு ஆயாவுக்கு,

படம் இத்துடன் வருகிறது. நான் கூரை போடவில்லை ஆயா, தெருவில் கொஞ்சம் குறைத்துச் சொல்லு. சுவர்களின் அளவைக் கொடுத்தால், கூரையின் சரிவுகள் உச்சியில் சேருகிற முகட்டுக் கோடு எங்கே வரும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு வரையும். அதற்கான ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக எழுதிய கட்டளைகள், அதுதான் என் வேலை. பழைய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சுவரையும் மற்ற எல்லாச் சுவரோடும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பெரிய கட்டடம் என்றால் நாற்பது நிமிடம் ஓடும். அக்கம்பக்கத்துச் சுவர்களை மட்டும் பார்த்தாலே போதும் என்று நான் மாற்றி எழுதினேன். இப்போது இரண்டே நிமிடம். ஆகஸ்ட் முதல் தேதி என் பெயரோடு வெளியே போகிறது.

அதில் வரைந்து நிஜமாக மேலே ஏறப்போகிற முதல் கூரை உன் சங்கத்துக் கூரைதான். ஏறியதும் எழுது. இங்கே சொல்லிக் காட்டவேண்டும்.

ஷாலு


எர்ணாவூர்
9.7.2003

அன்புள்ள ஷாலுவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று சட்டத்தை வண்டியில் கொண்டுவந்தார்கள். முன்கூடத்துக்கு அப்படியே உட்கார்ந்தது. பின்பக்க முகடு அதோடு சேர மாட்டேன் என்கிறது. வஹாபுக்கும் எனக்கும் வாய்ச்சண்டை. சட்டத்தைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நீ வேகமாகப் போட வைத்தாயே, அதில் எங்காவது பிசகியிருக்கும் என்று இங்கே பேச்சு. நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஆயா


பெங்களூர்
14.7.2003

ஆயா,

கடிதம் கிடைத்ததிலிருந்து கை ஓடவில்லை. 'ட' மாதிரிக் கட்டடம் இங்கே முப்பது போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் வருகிறது. உன்னுடையது மட்டும் ஏன் சேரவில்லை என்று புரியவில்லை. நீ எழுதிய அளவு சரிதானே? வஹாபை விட்டு இன்னொரு தடவை டேப் வைக்கச் சொல்லி எழுது. ஸ்கிரிப்ட் வெளியே போகிற தேதிக்கு அதிக நாள் இல்லை.

ஷாலு


எர்ணாவூர்
18.7.2003

ஷாலுவுக்கு,

அளவெல்லாம் சரி. நீ அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆயா


பெங்களூர்
25.7.2003

ஆயா,

அளவு சரியென்றால் தப்பு என்னுடையதுதான். எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதைவிட அசிங்கம் எனக்கு வேறில்லை. யாரோ ஒருவர் வீட்டில் இப்படி ஆவதற்குமுன் சொல்லிவிடுவது நல்லது என்று நேற்று மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். என் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டார்கள். பழையதே போகிறது. என்னையும் திரும்பப் படம் திருத்துகிற மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான்தான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

சங்கத்தில் உன் பேரைக் கெடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

ஷாலு


எர்ணாவூர்
30.7.2003

ஷாலு,

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்ட கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

பின்பக்கம் அளக்கப் பிலோமி டேப் கொடுத்தாள். அதில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். ஒரு பக்கம் பன்னிரண்டு என்றால் எதிர்ப்பக்கம் முப்பது என்கிறது. எது அடி என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். தலைவிக்கு டேப் பார்க்கத் தெரியாது என்று அவள் சொல்லிச் சிரிப்பாளே என்று கேட்கவில்லை. அவள் டீ வாங்கப் போன நேரம் பார்த்து, குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடந்து எண்ணினேன். பதினாறு அடி வந்தது. அடி என்றால் காலடிதானே என்று எழுதிவிட்டேன். டேப்பின் அடி என் காலைவிட நீளம் என்று தெரியாது.

சட்டம் வந்த அன்று வஹாப் டேப்பைப் போட்டார்.

"ஆயா, அகலம் பன்னெண்டு தான் கீது. படத்துல பதினாறு போட்டுகீது. யாரு குட்த்த அளவு இது?"

தெருவே நின்றுகொண்டிருந்தது. என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "நான் பன்னெண்டுன்னுதான் எழுதி அனுப்பினேன். பொண்ணு என்னமோ வேகமா போடற மாதிரி மாத்திகினு இருந்துச்சு, அதுல பிசகிட்டிருக்கும்." வஹாப் ஒத்துக்கொள்ளவில்லை. "பட்டறைக்காரனுக்கு கம்ப்யூட்டரப் பத்தி இன்னா தெரியும்" என்று அவரையும் ஏசினேன்.

"அப்போ உன் பேத்தி அமெரிக்காக்காரன் தலையில கூரைய எறக்கப் போவுதா?" என்றாள் பிலோமி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அளவு சரிதானே என்று நீ கேட்டு எழுதினாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வரியில் பொய் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து சோறு தின்றேன்.

உண்மையில் அகலம் பன்னிரண்டு, நீளம் பதினெட்டு. வஹாப் அளந்தது. இதை உன் மேனேஜரிடம் சொல்லு.

பூவம்மா


பெங்களூர்
5.8.2003

ஆயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டும் பதினெட்டும் போட்டுப் பார்த்தேன். உடனே முகடு போய் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை நாள் இல்லாத தப்பைத் தேடியிருக்கிறேன். இப்போது நான் சரியாக எழுதிய வரியைப் பார்த்தாலும் சந்தேகமாக இருக்கிறது.

மேனேஜரிடம் சொன்னேன். காரணம் எழுத்தில் இருந்தால் அடுத்த மாதம் திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. உங்கள் கடிதத்தை நான் இங்கிலீஷில் மாற்றி, நாலு பேர் இருக்கிற கூட்டத்தில் படிக்கவேண்டும். டேப் விஷயத்தை விட்டுவிட்டு, அளவு தவறாக வந்துவிட்டது என்று மட்டும் சொல்லலாம். உங்களுக்கு எது சரியோ அதை எழுதுங்கள்.

ஷாலு


எர்ணாவூர்
11.8.2003

ஷாலுவுக்கு,

நீ பேசக் கற்றதிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். போன கடிதத்தில் 'உங்கள்' என்று எழுதியிருந்தாய். ஏன் என்று நான் கேட்கமாட்டேன்.

நேற்று தையல் வகுப்பு நடக்கிற நேரத்தில் வஹாபையும் வரச்சொல்லி எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். வஹாப்தான் முதலில் பேசினார். "இன்னா ஆயா, இந்தக் குட்டிக் கால வெச்சிகினா கூரைக்கு அளவு எடுத்த? என் காலக் கேட்டிருந்தா பன்னெண்டே வந்திருக்குமே." சிரித்தார்கள். பிலோமி மட்டும் சிரிக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் இன்னா உன்ன தின்னுடுவேனா?" என்றாள். எனக்கு அதுதான் ரொம்பத் தைத்தது. இன்று காலை தண்ணீர் லாரி வரிசையில் யாரோ என்னை 'டேப் ஆயா' என்றார்கள். திரும்பிப் பார்த்தேன்.

கூட்டத்தில் எதையும் விடாதே. கீழே இருப்பதை அப்படியே மாற்றிப் படி. நான் ஒன்றுக்கு இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

மேனேஜர் ஐயா அவர்களுக்கு,

ஷாலுவிடம் பின்பக்கம் பதினாறு அடி அகலம் என்று எழுதிக் கொடுத்தது நான். டேப் பார்க்கத் தெரியாமல் என் காலால் அளந்தேன். தெரிந்த பிறகும் மறைத்தேன். பழியை அந்தப் பெண்மேல் போட்டேன். அவள் கேட்டபோது பொய் சொன்னேன். அவள் போட்ட கணக்கில் தப்பு இல்லை. உங்கள் எதிரில் அவள் தலை குனிந்திருந்தால் அது எனக்காகக் குனிந்தது.

இப்படிக்கு,
சு. பூவம்மா
படிப்பு: ஐந்தாம் வகுப்பு